காலிக் கட்டத்தில் நான் போட்ட எண்

2006-ம் வருடம், ஐப்பசி மாதம். கொல்லிமலையில் வளப்பூர் நாட்டுப் பக்கம் ஒரு சரிவில் பதினான்கு சின்னப் பெட்டிகளை நட்டு வைத்துவிட்டு, பக்கத்து ஊரில் வாடகைக்கு எடுத்த ஓர் அறையில் கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். மலைக்குக் கீழே இருந்த பொறியியல் கல்லூரியில் எம்.இ. முடித்த கையோடு, என் பேராசிரியர் தன் ஆராய்ச்சித் திட்டத்தில் என்னை உதவியாளராகச் சேர்த்துக்கொண்டிருந்தார். வயது இருபத்து நான்கு. எனக்குத் தெரியாதது ஒன்றுமே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்த வயது. இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே இரண்டு போட்டுக்கொள்ளலாம் போல இருக்கிறது.

அந்தப் பெட்டி என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் செய்த காரியம் உங்களுக்குப் புரியாது. சாப்பாட்டு டப்பா அளவுதான் இருக்கும். உள்ளே ரிமோட்டுக்குப் போடுகிற மாதிரி இரண்டு செல், ஒரு குட்டி ரேடியோ. வெளியே மண்ணுக்குள் இறங்கும் ஒரு கம்பி. அந்தக் கம்பிதான் சென்சார். மண்ணில் எவ்வளவு ஈரம் என்று அது பார்க்கும். ரேடியோவுக்குக் கூப்பிடு தூரம்தான் எட்டும் என்பதால் மேலே உள்ள பெட்டி தனக்குக் கீழே உள்ள பெட்டியிடம் சொல்லும், அது அடுத்ததிடம் சொல்லும். தீப்பிடித்த இடத்தில் ஆட்கள் வரிசையாக நின்று குடத்தைக் கைமாற்றுவார்களே, அப்படி. கடைசியில் என் கணினிக்கு வந்து சேரும்.

ஒயர் இழுக்க வேண்டாம், ஆள் ஏறிப் போய்ப் பார்க்க வேண்டாம். மண் சரியப் போவதை முன்கூட்டியே சொல்லலாம், காட்டுத்தீயைச் சொல்லலாம், பாலத்தில் விழும் விரிசலைச் சொல்லலாம், மிளகுக் கொடிக்கு எப்போது தண்ணீர் விட வேண்டும் என்பதைக்கூடச் சொல்லலாம். பேராசிரியர் பேச ஆரம்பித்தால் கேட்டுக்கொண்டே இருக்கலாம்.

வேலை செய்து பார்த்தால்தான் வண்டவாளம் தெரிந்தது. செல் சீக்கிரம் தீர்ந்துவிடும். தீராமல் இருக்கப் பெட்டியைத் தூங்க வைத்துத் தூங்க வைத்து எழுப்ப வேண்டும். ஒரு பெட்டி பேசுகிற நேரத்தில் அடுத்தது தூங்கிப் போயிருந்தால் தகவல் அம்போ. எறும்பு உள்ளே புகுந்து குடித்தனம் நடத்தும். குரங்கு ஏரியலை ஒடித்துப் பல் குத்தும். எல்லாவற்றையும் விட மோசம், நனைந்த இலை. அது ரேடியோ அலையை அப்படியே விழுங்கிவிடும். எங்கள் வரிசையில் ஒரு பலாமரத்தில் கட்டியிருந்த பெட்டிதான் முக்கியமான கண்ணி. அது வாயை மூடினால் அதற்கு மேலே உள்ள ஆறு பெட்டிகளும் ஊமை.

அந்தப் பலாமரமும் அதற்குக் கீழே இருந்த குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளிக் காடும் ஒரு விவசாயியுடையவை. முப்பத்தைந்து வயது இருக்கும். சரிவின் அடியில் அவருடைய வீடு. வீட்டை விட்டுச் சற்றுத் தள்ளி, சரிவை ஒட்டினாற்போலக் கட்டுத்தறி. அதில் இரண்டு மாடுகள். ஒன்று கறவை. இன்னொன்று நிறைசினை. கன்றுக்குட்டியாக அவர் மனைவியின் பிறந்த வீட்டில் கொடுத்தது. நாங்கள் பெட்டி நட்டபோது மூன்று நாள் கூடவே நின்று குழி தோண்டிக் கொடுத்தார். நான் டீச்சர் இல்லை என்று எத்தனையோ முறை சொல்லியும் கடைசிவரைக்கும் எனக்கு அவர் வைத்த பெயர் டீச்சர்தான்.

அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. சரிவின் அடியில் ஓர் ஊற்று உண்டு. அடைமழைக் காலத்தில் தினமும் அதைப் போய்ப் பார்ப்பார். தண்ணீர் தெளிவாக வந்தால் கவலை இல்லை. மண் கலங்கி வந்தால் மாடுகளை அவிழ்த்துக்கொண்டு குடும்பத்தோடு எதிர் மேட்டில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்குப் போய்விடுவார். இதை முதல் நாளே எனக்குச் சொன்னார். நானும் நோட்டில் எழுதிக்கொண்டேன். எழுதிக்கொண்டதோடு சரி.

புரட்டாசிக் கடைசியில் திட்டத்துக்கு நிதி கொடுத்தவர்கள் பார்வையிட வருவதாகத் தகவல் வந்தது. என் திரையில் ஒரு பெட்டிக்கு ஒரு கட்டம். ஈரம் குறைவாக இருந்தால் பச்சை, ஏறினால் மஞ்சள், ஆபத்தென்றால் சிவப்பு. தகவல் வராத கட்டம் காலியாக இருக்கும். அன்றாடம் இரண்டு மூன்று கட்டங்களாவது காலியாகத்தான் கிடக்கும். பேராசிரியர் அதைப் பார்த்துவிட்டு, வருகிறவர்கள் கண்ணுக்கு நன்றாக இருக்க வேண்டும், பார்த்துக்கொள் என்று மட்டும்தான் சொன்னார். எப்படி என்று அவர் சொல்லவில்லை. அந்த யோசனை முழுக்க முழுக்க என்னுடையது. புதுத் தகவல் வராவிட்டால் கடைசியாக வந்த எண்ணையே அந்தக் கட்டம் காட்டிக்கொண்டிருக்கும்படி நிரலில் ஒரே ஒரு வரி சேர்த்தேன். அவர்கள் வந்தார்கள், பதினான்கு கட்டமும் பளிச்சென்று இருப்பதைப் பார்த்தார்கள், பாராட்டிவிட்டுப் போனார்கள். மறுநாள் அந்த வரியை எடுத்துவிட வேண்டும் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. காலிக் கட்டம் இல்லாத திரை எனக்கே பிடித்துப் போயிருந்தது, அதுதான் உண்மை.

ஐப்பசியில் மழை பிடித்தது. விடாமல் மூன்று நாள். மூன்றாம் நாள் காலை எட்டு மணி சுமாருக்கு அவர் சாக்கைக் கொங்காடையாக மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு, சொட்டச் சொட்ட நனைந்து வந்து நின்றார்.

"ஏனுங்க டீச்சர், ஊத்துத் தண்ணி கலங்கி வருதுங்க. மாட்டை அவுக்கலாம்ங்கறா சம்சாரம். பொட்டி என்ன சொல்லுதுன்னு ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போலாம்னு வந்தனுங்க."

நான் திரையை அவர் பக்கம் திருப்பினேன். பதினான்கும் பச்சை. எனக்குப் பெருமை பொங்கியது. பார்த்தீர்களா, மழையில் நனைந்துகொண்டு ஊற்றைப் பார்க்க வேண்டிய காலமெல்லாம் போய்விட்டது என்கிற பெருமை.

"ஒண்ணும் பயமில்லீங்கண்ணா. மேல மண்ணு கெட்டியாத்தான் இருக்குது. நீங்க பாட்டுக்குப் போயி வேலையப் பாருங்க."

அவர் முகம் தெளிந்துவிட்டது. அந்த மழையில் சினை மாட்டை மேட்டில் ஏற்ற வேண்டாம் என்ற நிம்மதி. சரீங்க, வாரேனுங்க என்று சொல்லிவிட்டு வேகமாகத் திரும்பிப் போனார். மூன்று நாள் கொட்டுகிற மழையில் மண்ணின் ஈரம் மட்டும் எப்படி ஏறாமல் இருக்கும் என்று ஒரு சின்னக் குழந்தைகூடக் கேட்டிருக்கும். எம்.இ. படித்த நான் கேட்கவில்லை.

பத்தரை மணி வாக்கில் லாரியில் ஜல்லி கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம். லாரிதான் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் ஆட்கள் கத்திக்கொண்டு ரோட்டில் ஓடினார்கள். அவருடைய சரிவு இறங்கிவிட்டது என்றார்கள். நான் திரும்பித் திரையைப் பார்த்தேன். அப்போதும் பதினான்கு கட்டமும் பச்சை. மண்ணோடு மண்ணாகப் போன பெட்டிகள்கூடப் பச்சை. நிரலுக்குள் போய்ப் பதிவுகளைத் திறந்தேன். பலாமரத்துப் பெட்டியிலிருந்து கடைசியாகத் தகவல் வந்தது மழை பிடிப்பதற்குச் சற்று முன். அதற்குப் பிறகு மேலே இருந்த ஆறு பெட்டிகளிடமிருந்தும் ஒரு சொல்கூட வரவில்லை. கீழே இருந்தவையும் மழை பிடித்ததுமே வாயை மூடியிருந்தன. இத்தனை நாளும் நான் பார்த்துக்கொண்டிருந்தது மழைக்கு முந்தைய மண்ணை.

ஓடினேன். வீடு தப்பித்திருந்தது. கட்டுத்தறி இருந்த இடம் தெரியவில்லை. ஏழெட்டுப் பேர் மண்வெட்டியோடு தோண்டிக்கொண்டிருந்தார்கள், அவரும் அவர்களோடு. அவர் மனைவி புல்லறுக்கும் அரிவாளோடு ஓரமாக நின்றிருந்தார். அந்த நேரம் கட்டுத்தறியில் இல்லாமல் புல்லறுக்கப் போயிருந்ததால் உயிர் தப்பியிருக்கிறார். என்னைப் பார்த்ததும் திட்டுவார், மண்ணை வாரித் தூற்றுவார் என்று நினைத்தேன். அவர் சத்தமே போடவில்லை.

"நான் அவுத்துட்டேன் கண்ணு. செனை மாட்டை வாசல் வரைக்கும் ஓட்டியாந்துட்டேன். டீச்சர் பாத்துச் சொல்லிட்டாங்கன்னு அவருதான் மறுபடி கொண்டுபோயிக் கட்டுனாரு."

அவ்வளவுதான் சொன்னார். இரண்டு மாடுகளையும் சாயங்காலத்துக்குள் வெளியே எடுத்துவிட்டார்கள். உயிர் இல்லை. நான் அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்து அழுதேன். ஐயோ பாவம், பொம்பளைப் பிள்ளை பயந்துவிட்டது என்று யாரோ எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்கள். அதையும் வாங்கிக் குடித்தேன்.

நாலைந்து நாள் கழித்து அவரே என் அறைக்கு வந்தார். சண்டைக்கு வரவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"பொட்டிக்குத் தெரியலீன்னா, தெரியலீன்னு சொல்லாதுங்களா டீச்சர்?"

சொல்லும். அதற்குத் தெரிந்த ஒரே வழியில் அது சொல்லிக்கொண்டுதான் இருந்தது. பேசாமல் இருந்து சொன்னது. அந்தக் காலிக் கட்டத்தை மூடி மறைத்தவள் நான். இதைத்தான் அந்த நிமிஷம் சொல்லியிருக்க வேண்டும். "மழையில பொட்டி கெட்டுப்போச்சுங்கண்ணா" என்றேன்.

அதுவும் பாவம், அத்தனை மழையில் என்னதான் பண்ணும் என்று எனக்கே ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். அன்று சாயங்காலமே அந்த வரியை நிரலிலிருந்து எடுத்தேன். அறிக்கையில், கனமழையால் தகவல் தொடர்பு துண்டிக்கப்பட்டது என்று எழுதினேன். ஒவ்வொரு வார்த்தையும் நிஜம். முழுசாகப் படித்தால் பொய்.

மாசி மாதம் திட்டம் முடிந்தது. மிச்சமிருந்த பெட்டிகளை எடுத்துவர நான்தான் போனேன். பலாமரம் மண்சரிவுக்குத் தப்பி நின்றது; அதிலிருந்த பெட்டிக்கு யாரோ உரச்சாக்கை வெட்டிக் குல்லாய் மாதிரி போட்டு, தண்ணீர் இறங்காமல் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். அதற்குக் கீழே உள்ள பெட்டிகளுக்கும் அப்படியே. அவருடைய வேலைதான். மழையில் கெட்டுப்போகிறது என்று நான் சொன்னதை நம்பிச் செய்திருக்கிறார்.

"மறுபடி நனைஞ்சிறக் கூடாதுங்களே. அடுத்த மழைக்காச்சும் சரியாச் சொல்லோணுமில்லீங்க" என்றார்.

அவர் மனைவி வாசலுக்கு வந்தார், என்னைப் பார்த்தார், உள்ளே போய்விட்டார். அண்ணா, ஒண்ணு சொல்லோணும் என்று ஆரம்பித்தேன். சொல்லுங்க டீச்சர் என்று கையில் இருந்த மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு நின்றார். நான் சொன்னது இதுதான்: திட்டம் முடிந்துவிட்டது, பெட்டிகளையெல்லாம் எடுத்துக்கொண்டு போகிறோம்.

அப்போ அடுத்த மழைக்கு என்றார் அவர். ஊத்தைப் பாத்துக்குங்கண்ணா என்றேன். அவர் ஏணியைக் கொண்டுவந்து மரத்தில் சாத்தி, தான் கட்டிய கயிறுகளைத் தானே அவிழ்த்து, பெட்டியை என் கையில் கொடுத்தார்.

இப்போது நான் ஒரு கல்லூரியில் இதே பாடத்தை நடத்துகிறேன். தகவல் வராத இடத்தை எந்த மாணவராவது பழைய எண்ணால் நிரப்பிக் கொண்டுவந்தால் அப்படிக் கத்துகிறேன். மேடத்துக்கு இதற்கெல்லாமா இத்தனை கோபம் என்று பிள்ளைகள் தங்களுக்குள் பேசிக்கொள்வது என் காதிலும் விழும். அவர்கள் பேசட்டும். வருஷா வருஷம் ஐப்பசி பிறந்தால் மலைக்கு ஒரு நடை போய்வர வேண்டும் என்று நினைக்கிறேன். என் ஊரிலிருந்து ஒன்றும் தொலைவில்லை, காலையில் பஸ் ஏறினால் மத்தியானத்துக்குள் அவர் வாசலில் நிற்கலாம். யாரென்றே தெரியாத உங்களிடமெல்லாம் இன்று சொல்லிவிட்டேன். தன் கையால் அந்த மாட்டைத் திருப்பிக் கட்டியவரிடம் இன்னும் சொல்லவில்லை.