மன்னார்புரத்து ஹீட்டர்க்காரி

திருச்சி வெயிலில் காருக்குள் ஹீட்டரைப் போட்டுவிட்டு உட்காருகிற ஒரே ஜீவன் அகிலாண்டம்தான். மன்னார்புரத்தில் அவள் நடத்தும் கார் ஏ.சி. கடைக்கு முதல்முறை வருகிறவர்கள் பதறிப் போவார்கள். "அக்கா, ஏ.சி.யில கூலிங் வரலைன்னு கொண்டாந்தா நீங்க ஹீட்டரைப் போடுறீங்களே!" என்பார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளவே மாட்டாள்.

அவள் கணக்கு எளிமையானது. இன்ஜின் சூட்டைச் சுமந்து வரும் தண்ணீர்தான் ஹீட்டருக்குள்ளும் ஓடுகிறது. இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் சிவப்பைத் தொடும்போது ஹீட்டரில் அனல் அடித்தால், தண்ணீர் ஒழுங்காக ஓடுகிறது என்று பொருள். முள் சிவப்பில் நிற்க, ஹீட்டரில் குளிர்ந்த காற்று வந்தால், தண்ணீர் குறைந்திருக்கிறது, இல்லையென்றால் எங்கோ அடைத்திருக்கிறது. இன்ஜின் கொதித்தால் ஏ.சி.யும் கூடவே படுத்துவிடும். ஏ.சி. மக்கர் என்றாலே கேஸ் அடிக்கச் சொல்லும் ஊரில், இதைப் பார்க்காமல் அவள் கேஸ் உருளையைத் தொட்டதில்லை.

திருவெறும்பூர் ஐ.டி.ஐ.யில் ஏ.சி. மெக்கானிக் படித்தபோது வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். முதலில் வீட்டு ஃபிரிட்ஜ், அப்புறம் கடை ஃபிரிட்ஜ், பதினாறு வருஷமாகக் கார். சுடிதாருக்கு மேல் கணவனின் பழைய சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு வேலைக்கு இறங்குவாள். கை சுத்தம். வாய்தான் கொஞ்சம் நீளம். வண்டியைத் தொடுவதற்கு முன் ஓட்டி வந்தவனை மூன்று கேள்வி கேட்பாள்: எங்கே சூடானது, என்ன செய்தாய், என்ன ஊற்றினாய். பதில் கோணலாக இருந்தால் அந்த ஆள் அன்றைக்குத் தொலைந்தான்.

கணவன் ஜெய்சங்கர் சுற்றுலா வேன் ஓட்டுகிறவன். பத்தொன்பது வருஷத்து வண்டி. ஸ்ரீரங்கம், திருவானைக்காவல், சமயபுரம் என்று வெளியூர்க்காரர்களை ஏற்றி இறக்குவான். ஒரு வியாழக்கிழமை காலை, ஆட்களோடு ஸ்ரீரங்கம் போகும் வழியில் காவிரிப் பாலத்தில் வேன் கொதித்து நின்றது. ஆட்களைச் சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து வந்த பஸ்ஸில் ஏற்றிவிட்டு, வேனை இன்னொரு வண்டியில் கட்டி இழுத்துக்கொண்டு மனைவியின் கடைக்கே வந்தான்.

மறுநாள் அகிலாண்டம் பார்த்தாள். ஹீட்டரைப் போட்டாள். முள் சிவப்பில், காற்றோ குளிர்ச்சியாக வந்தது. ஆறவிட்டு மூடியைத் திறந்தால் ரேடியேட்டரில் தண்ணீர் நிறைய இருந்தது. துருப்பிடித்த குழாயிலிருந்து வருகிற மாதிரி பழுப்பு நிறம். மறுபடி ஓடவிட்டபோது குமிழ் குமிழாகக் கிளம்பியது.

"என்ன ஊத்துனீங்க?" என்று கேட்டாள்.

"வெறும் தண்ணிதான், அகிலா" என்றான் ஜெய்சங்கர்.

வெறும் தண்ணீரில் துருவும் குமிழும் என்றால் வேறென்ன? இன்ஜின் தலைக்கு அடியில் இருக்கிற அடைப்புத் தகடான ஹெட் கேஸ்கட் போய், இன்ஜினின் புகை தண்ணீருக்குள் வருகிறது என்று தீர்ப்புச் சொன்னாள். பக்கத்து லேத் கடை அமிர்தராஜும் எட்டிப் பார்த்துத் தலையாட்டினார். பத்தொன்பது வருஷ வண்டிக்கு இன்ஜினைப் பிரிப்பதும் பாடை கட்டுவதும் ஒன்றுதான்.

அவள் எதிர்பார்க்காதது அடுத்து நடந்தது. எந்த மெக்கானிக்கோடும் மல்லுக்கு நிற்கிற ஜெய்சங்கர் உடனே ஒத்துக்கொண்டான். "சரி, பழைய இரும்புக்கு உடைக்கப் போட்டுடலாம்" என்றான். அன்று சாயங்காலமே ஓசூரில் ஒரு கம்பெனிக்கு டிரைவராக வருகிறேன் என்று போனில் ஒப்புக்கொண்டான். திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும். மாதத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வரலாமாம். அகிலாண்டத்துக்கு அவனை அனுப்ப மனசில்லை. ஆனால் தீர்ப்புச் சொன்னதே அவள்தானே, எப்படித் தடுப்பது?

சனிக்கிழமை காலை, வேனைக் கொடுக்கும் முன் உருப்படியானதைக் கழற்றி வைத்துக்கொள்ளலாம் என்று இறங்கினாள். ரேடியேட்டர் தண்ணீரை வடித்தாள். மூடிக்குள் அப்பியிருந்த சேற்றை விரலால் வழித்தாள். ஆயில் அளவு பார்க்கிற கம்பியை உருவிப் பார்த்தாள். கேஸ்கட் போன வண்டியில் பெரும்பாலும் ஆயிலில் தண்ணீர் கலந்து பால் காபி மாதிரி ஆகியிருக்கும். இது தெளிவாக இருந்தது. வருகிறவன் போகிறவன் வண்டியில் எல்லாம் முதலில் பார்க்கிற ஆயிலைச் சொந்த வண்டியில் பார்க்காமல் விட்டிருந்தாள். ஊருக்கு உபதேசம் என்பது இதுதான்.

குழம்பிப் போய்க் கை கழுவக் குழாயடிக்குப் போனாள். சோப்பைத் தேய்த்தாள். விரலில் இருந்த பழுப்பு, குங்குமம் கரைத்த மாதிரி சிவந்தது.

மறுபடி தேய்த்துப் பார்த்தாள், இன்னும் சிவந்தது. மஞ்சள் பூசிக் குளித்தவளுக்கும் சாம்பார் சிந்திய சட்டையைத் துவைத்தவளுக்கும் இது தெரியும். மஞ்சள் கறையில் சோப்பு பட்டால் சிவக்கும். துரு சிவக்காது.

ஜெய்சங்கர் கடை வாசலில் ஸ்டூலில் உட்கார்ந்து, ஓசூர் பஸ் நேரத்தைப் போனில் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் ஈரக் கையோடு போய் முன்னால் நின்றாள்.

"ஏங்க, எத்தனை பாக்கெட்?"

"எது?"

"மஞ்சள் தூள்."

அவன் போனைச் சட்டைப் பையில் வைத்தான். "ரெண்டு" என்றான். "புதன்கிழமை சமயபுரத்துல ரேடியேட்டர் ஊசி முனை அளவுக்கு ஒழுகுச்சு. வண்டியில பதினோரு பேரு. கோயில் வாசல் கடையில வாங்கிக் கொட்டினேன். சட்டுனு அடைச்சிடுச்சு அகிலா, ஒரு சொட்டு ஒழுகலை."

"ஒழுக்கை மட்டுமா அடைச்சுது? ரேடியேட்டர், ஹீட்டர், எல்லாத்தையும்ல அடைச்சிருக்கு! தண்ணி ஓட வழியில்லாம நின்ன எடத்துலயே கொதிச்சிருக்கு. அந்தக் குமிழைத்தான் நான் புகைன்னு நெனச்சேன். வெறும் தண்ணின்னு ஏன் சொன்னீங்க?"

ஜெய்சங்கர் தரையைப் பார்த்தான். "போன மாசம் அந்தத் துவாக்குடி டிரைவர் மஞ்சள் போட்டுட்டு வந்தாரு. இது ரேடியேட்டரா ரசச் சட்டியான்னு பத்து பேரு முன்னாடி கேட்டே. மனுஷன் அப்புறம் இந்தப் பக்கமே வரலை. அவருக்கே அப்படின்னா, மெக்கானிக் புருஷன் நான் போட்டேன்னு எப்படிச் சொல்றது?"

"அதுக்காக வண்டியை உடைக்கக் கொடுப்பீங்களா? ஓசூருக்குப் போவீங்களா?"

"வாயைத் திறந்து சொல்றதுக்கு, ஓசூர் பரவாயில்லைன்னு தோணுச்சு."

அகிலாண்டத்துக்கு அது சுருக்கென்று தைத்தது. இருபத்திரண்டு வருஷம் கூட வாழ்ந்த மனுஷன், அவள் வாய்க்குப் பயந்து, சோறு போட்ட வண்டியையும் வீட்டையும் விடத் துணிந்திருக்கிறான். தன் நாக்கின் கூர்மையை இத்தனை நாள் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். யார் யார் எதையெதை மறைத்து வண்டியைக் கொடுத்துவிட்டுப் போனார்களோ, எத்தனை தீர்ப்பு இப்படித் தப்பாகப் போனதோ! ஸ்பானரை எடுத்துக்கொண்டு வேனுக்கடியில் புகுந்தாள்.

அன்றும் மறுநாளும் வேலை நடந்தது. ஹீட்டர் குழாய்களைக் கழற்றி, எதிர்ப்பக்கத்திலிருந்து தண்ணீரைப் பாய்ச்சினாள். செம்மண் சேறு மாதிரி வெளியே வந்தது. ரேடியேட்டரை அமிர்தராஜ் பிரித்து, ஒவ்வொரு குழாயிலும் கம்பி விட்டுச் சுத்தம் செய்து, ஒழுகிய இடத்தைப் பற்றவைத்துக் கொடுத்தார். ஜெய்சங்கர் ஸ்பானரை எடுத்துக் கொடுத்துக்கொண்டு கூடவே நின்றான். வேலைக்கு வேண்டிய வார்த்தையைத் தவிர அவள் எதுவும் பேசவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வேன் கிளம்பியது. சுப்பிரமணியபுரம் வரை போய்த் திரும்பினார்கள். முள் நடுவிலேயே நின்றது. அவள் ஹீட்டரைப் போட்டாள். முகத்தில் அனல் அடித்தது. இருவருக்கும் வேர்த்து ஊற்றியது. பிறகு ஏ.சி.யைப் போட்டாள். சில்லென்று வந்தது.

"வண்டி சரியாயிடுச்சு. போறதும் இருக்கிறதும் உங்க இஷ்டம்" என்றாள், கண்ணாடி வழியே ரோட்டைப் பார்த்தபடி.

ஜெய்சங்கர் கடை வாசலில் வண்டியை நிறுத்தினான். இன்ஜினை அணைத்தான். "ரெண்டு நாளா நீ திட்டவே இல்லை" என்றான். "யாரோ ஒருத்தர் வண்டிக்கு வேலை பார்க்கிற மாதிரி பார்த்தே. திட்டிடு அகிலா. என்னால தாங்க முடியலை."

அவள் திரும்பிப் பார்த்தாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அப்புறம் ஆரம்பித்தாள். புருஷன் மண்டையில் இருப்பது மூளையா மஞ்சள் கிழங்கா என்பதில் தொடங்கி, சமயபுரத்துக் கடைக்காரரையும் விடாமல் பிடித்து, பெண்டாட்டியை விட்டு ஓசூருக்குப் போக பஸ் நேரம் பார்த்த கையில் வந்து நின்றாள். லேத்தை நிறுத்திவிட்டு அமிர்தராஜ் வெளியே வந்து பார்த்தார்.

அவள் மூச்சு வாங்க நிறுத்திய இடைவெளியில் ஜெய்சங்கர் போனை எடுத்து ஓசூர் கம்பெனிக்கு அடித்தான்.

"சார், நாளைக்கு நான் வரலைங்க. இல்லைங்க சார், சம்பளமெல்லாம் ஒண்ணும் இல்லை. தப்பு பண்ணிட்டேன், வீட்டுல சொல்லிட்டேன். அவ்வளவுதாங்க."