அறுபத்து மூன்றாம் டோக்கன்

என் வீட்டு முன்னறைச் சுவரில், காலண்டருக்குப் பக்கத்தில், ஒரு சாண் இடைவெளி விட்டு இரண்டு ஆணிகள் அடித்திருக்கின்றன. இடது ஆணியில் ஒரு பித்தளை டோக்கன் தொங்குகிறது. ஒரு ரூபாய்க் காசைவிடக் கொஞ்சம் பெரிசு, நடுவில் பதினொன்று என்று எண் குத்தியிருக்கும். வலது ஆணி காலி. அதில் தொங்க வேண்டிய அறுபத்து மூன்று என் சட்டைப் பையில் இருக்கிறது. மணி இப்போது இரண்டு. மூன்று மணிவாக்கில் ஒரு போன் வர வேண்டும். அதுவரை இந்த நாற்காலியை விட்டு எழுந்திருப்பதாக இல்லை. சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை, அதனால் இதை எழுதுகிறேன்.

இந்த இரண்டு டோக்கனும் அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்த பட்டறையைச் சேர்ந்தவை. உள்ளே நுழையும்போது வாசல் பலகையிலிருந்து அவரவர் டோக்கனை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும், வெளியே போகும்போது திரும்ப மாட்ட வேண்டும். அவ்வளவுதான் சட்டம். ஆனால் நாங்கள் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்களா என்ன? ஐந்து மணிச் சங்கு ஊதியதும் கை கழுவப் போகிறவன், "மச்சான், என்னுதையும் மாட்டிடு" என்று கூட்டாளி கையில் டோக்கனைத் திணித்துவிட்டுப் போவான். உள்ளே ஆள் சோப்புப் போட்டுக்கொண்டிருப்பான், பலகையில் அவன் வீட்டுக்குப் போயிருப்பான். எல்லாரும் செய்தோம். அதைத் தப்பு என்று நினைத்த ஒரே ஆள் எங்கள் ஃபோர்மேன். கையும் களவுமாகப் பிடித்தால் பலகைக்கு முன்னாலேயே நிற்க வைத்துக் கத்துவார். "ஆணி காலியா கீதா? அப்ப ஆளு உள்ள கீறான். அது ஒண்ணுதான் எனுக்குத் தெரியும். நீ பொய் மாட்டுனா நான் இன்னாத்தைப் பாக்குறது?"

அவர் கத்தியதன் அர்த்தம் எனக்கு ஒரு சனிக்கிழமை புரிந்தது. அன்றைக்கு எண்ணெய்த் தொட்டிக்குள் இறங்கிக் கழுவிக்கொண்டிருந்தவன், வாடை ஏறி அப்படியே மயங்கிவிட்டேன். மேலே யாருக்கும் தெரியாது. எல்லாரும் கிளம்பிவிட்டார்கள், காவலாளி பூட்டைக் கையில் எடுத்துவிட்டார். ஃபோர்மேன் பலகையைப் பார்த்திருக்கிறார், என் எண்ணான அறுபத்து மூன்று காலி. யாரோ மாட்ட மறந்திருப்பான் என்று காவலாளி சொல்லியும் கேட்காமல் உள்ளே திரும்பி வந்து ஒவ்வொரு மூலையாகத் தேடி, என்னைத் தலைமுடியைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டார். அந்த நாளில் எந்தக் கூட்டாளியாவது என் மேல் பிரியப்பட்டு என் டோக்கனை மாட்டியிருந்தால், நான் இன்றைக்கு இல்லை. பிற்பாடு பட்டறைக்கு விரல் வைக்கிற மெஷின் வந்து, டோக்கன்களைப் பழைய இரும்புக் குவியலில் கொட்டியபோது, அவர் குனிந்து கிளறி இரண்டை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டார். ஒன்று அவருடையது. இன்னொன்று என்னுடையது.

ரிட்டயர் ஆன பிறகு அவரும் அவர் மனைவியும் செய்த காரியத்தைக் கேட்டு எங்கள் அயனம்பாக்கமே சிரித்தது. அந்த அம்மா ஆவடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தியவர், எங்களுக்கெல்லாம் டீச்சரம்மா. முப்பது வருஷம் சுவரில் தொங்கிய வரைபடத்தில் பிரம்பை வைத்துக் காட்டிய கரையைத் தண்ணீரிலிருந்து ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. திருநின்றவூரில் மனை வாங்கிப் போடச் சொன்ன சொந்தக்காரர்களைக் காதில் போட்டுக்கொள்ளாமல், இருவரும் பழவேற்காட்டில் ஒரு பழைய ஃபைபர் படகை வாங்கினார்கள். ஃபோர்மேன் மோட்டாரை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பூட்டினார், டீச்சரம்மா தார்ப்பாயில் கூரை தைத்தார். உரிய இடங்களில் அனுமதி வாங்கவே ஒரு வருஷம் போயிற்று. பழவேற்காட்டிலிருந்து கோடியக்கரை வரை, கரையை ஒட்டியே, பகலில் மட்டும் போவது என்று திட்டம். எங்கள் ஊர் ஏரியில்கூட இடுப்பளவுக்கு மேல் இறங்காத அந்த அம்மாள், லைஃப் ஜாக்கெட்டுக்கு மேலே கைப்பையை மாட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்த போட்டோ என்னிடம் இருக்கிறது.

கிளம்புவதற்கு முந்தின நாள் ஃபோர்மேன் சுத்தியலோடு என் வீட்டுக்கு வந்தார். கேட்காமலே என் சுவரில் ஆணி அடித்தார். "நைனா, காலைல நாங்க தண்ணில எறங்குறப்ப ரெண்டையும் எடுத்து உன் பைல போட்டுக்கோ. கரை ஏறினதும் போன் பண்றோம், மாட்டிடு. நாலு மணி வரிக்கும் போன் வரலன்னா, இந்தா, ஊருக்கு ஊரு படகுக்காரங்க நம்பரு, ஆளு அனுப்பச் சொல்லு. இருட்டுறதுக்குள்ள தேடணும், இன்னா?" பதினொன்று அவர், அறுபத்து மூன்று டீச்சரம்மா. என்னுடைய டோக்கனை அவர் மனைவிக்குக் கொடுத்திருந்தார். அதில் எனக்கு இருந்த பெருமையைச் சொல்லி மாளாது.

முதல் வருஷம் புதுச்சேரி வரை போய், படகை அங்கே ஒருவர் பொறுப்பில் விட்டுவிட்டு பஸ்ஸில் திரும்பினார்கள். ஒருநாள்கூடப் போன் தவறவில்லை. இரண்டரை, அதிகம் போனால் மூன்று. "ஏறிட்டோம், மாட்டு" என்பார் ஃபோர்மேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டார். அடுத்த மாசி மாதம் மறுபடியும் கிளம்பினார்கள். கடலூர், பரங்கிப்பேட்டை. அடுத்த நாள் தரங்கம்பாடி.

அன்றைக்குத்தான் திருநின்றவூரில் என் பழைய கூட்டாளியின் மகளுக்கு நிச்சயதார்த்தம். காய்ச்சல் என்று என் மனைவி வரவில்லை. இரண்டேகால் மணிக்கு நான் வெள்ளைச் சட்டை மாற்றினேன். பித்தளையைப் பையில் போட்டால் பச்சைக் கறை பிடிக்கும், அந்தச் சட்டையோ புதுசு. டோக்கன்களைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றேன். மேஜை மேல் வைத்திருக்கலாம். டப்பாவில் போட்டிருக்கலாம். எப்படியும் இன்னும் கொஞ்ச நேரத்தில் கூப்பிடத்தானே போகிறார்கள் என்று, இருபத்தெட்டு வருஷப் பழக்கத்தில், கை அது பாட்டுக்கு இரண்டையும் ஆணியில் மாட்டிவிட்டது. மாட்டிவிட்டு ரயில் பிடிக்கப் போய்விட்டேன்.

மண்டபத்தில் மேளச் சத்தம், பழைய ஆட்கள், பழைய கிண்டல். நாலு மணி வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. அந்த நேரத்தில் பெங்களூரில் இருக்கும் அவர்களுடைய மகள், அம்மா அப்பா இரண்டு பேர் போனும் கிடைக்கவில்லையே என்று என் வீட்டுக்கு அடித்திருக்கிறாள். என் மனைவி படுத்த இடத்திலிருந்தே தலையைத் தூக்கிச் சுவரைப் பார்த்துவிட்டு, "வந்துட்டாங்கம்மா, டோக்கன் மாட்டிக்கீது" என்று சொல்லியிருக்கிறாள். அவள் மேல் என்ன குற்றம்? பலகையைப் படித்தாள், சொன்னாள். அந்தப் பெண்ணும் நிம்மதியாக வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

ஐந்தரை மணிக்குத் தட்டு மாற்றினார்கள். கூட்டாளி என் பக்கத்தில் வந்து நின்று, "இன்னா மாமே, ஃபோர்மேன் வர்ல?" என்றான். "அவரு கடல்ல கீறாரு" என்றேன். சொன்ன பிறகுதான் நான் சொன்னது என் காதில் விழுந்தது. போனை எடுத்துப் பார்த்தேன். ஒரு அழைப்பும் இல்லை. மண்டபத்துக்கு வெளியே ஓடி, ஃபோர்மேன் கொடுத்திருந்த நம்பரில் தரங்கம்பாடிப் படகுக்காரருக்கு அடித்தேன். அவர்கள் வந்தார்களா என்றேன். இங்கே யாரும் வரவில்லையே என்றார். "என்னங்க இது, இப்பப் போய்ச் சொல்றீங்க? நாலு மணிக்கே சொல்லியிருந்தா நாலு படகு போயிருக்குமே. இன்னும் முக்கா மணி நேரந்தாங்க வெளிச்சம்." அவர் படகைத் தள்ளச் சொல்லிக் கத்துவது எனக்கும் கேட்டது.

திரும்பி வந்த ரயிலில் உட்கார இடம் இருந்தும் நான் உட்காரவில்லை. பட்டாபிராம் தாண்டும்போது வானத்தில் கொஞ்சம் சிவப்பு மிச்சம் இருந்தது. ஆவடியில் அதுவும் இல்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் அந்த இரண்டு டோக்கனையும் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டேன். மகள் போன் செய்ததையும் தான் சொன்ன பதிலையும் மனைவி அப்போதுதான் சொன்னாள். அந்தப் பெண்ணுக்கு நானே கூப்பிட்டு, நடந்ததைச் சொன்னேன். அவள் அழவில்லை. "அப்ப யாரு அண்ணா மாட்டுனது?" என்று மட்டும் கேட்டாள்.

எட்டு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது படகுக்காரர் கூப்பிட்டார். இரண்டு பேரும் உயிரோடு இருந்தார்கள். மதியம் ஒரு மணிக்கு அறுந்த வலையொன்று மோட்டாரில் சுற்றிக்கொண்டது. குனிந்து அறுக்கப் போன ஃபோர்மேனின் போன் தண்ணீரில் விழுந்தது, டீச்சரம்மாவின் போனில் சிக்னல் இல்லை. நங்கூரம் பிடிக்காமல் நீரோட்டம் படகை வெளியே இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. வெளிச்சம் போன பிறகு, டீச்சரம்மா காட்டிய டார்ச்சைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார்கள்.

அவர்கள் ஊர் திரும்பியதும் நானே போய் ஒப்புக்கொண்டேன். டீச்சரம்மாதான் பேசினார். "நாலு மணிக்கு இவரு சொன்னாரு, 'ஆணி காலியா கீறத அவன் பாத்துருப்பான், அஞ்சுக்குள்ள ஆளு வந்துரும்'னு. நிமிஷத்துக்கு ஒரு தபா வாட்ச்சைப் பாத்துக்கினே இருந்தாரு. அஞ்சரைக்கு மேல பாக்கறத உட்டுட்டாரு. அப்பதான்பா எனுக்கு பயம் வந்துச்சு." ஃபோர்மேன் எழுந்தார், என்னோடு நடந்தே என் வீட்டுக்கு வந்தார், கையை நீட்டினார். இரண்டு டோக்கனையும் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு என்னோடு அவர் பேசவில்லை. ஏரிக்கரையில் எதிரே வந்தாலும் தலையைத் திருப்பிக்கொள்வார். கார்த்திகையில் ஒருநாள் காலை, மோட்டார் பாகங்களுக்கு நடுவே உட்கார்ந்தபடியே அவர் உயிர் போயிற்று. நெஞ்சுவலி.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த வாரம் டீச்சரம்மா என் வீட்டுக்கு வந்தார். கைப்பையிலிருந்து டோக்கன்களை எடுத்தார். ஃபோர்மேன் என்னை மன்னித்துவிட்டுத்தான் போனார் என்று சொல்லமாட்டாரா என்று நான் ஆசைப்பட்டேன். டீச்சரம்மா என் முகத்தைப் படித்துவிட்டார். "இல்லப்பா. கடைசி வரிக்கும் அவரு மனசு ஆறல. நான் மாத்திச் சொல்லமாட்டேன்" என்றார். பிறகு பதினொன்றை எடுத்து அவரே இடது ஆணியில் மாட்டினார். "அவரு வந்துட்டாரு." அறுபத்து மூன்றை என் கையில் வைத்தார். "கோடியக்கரை பாக்கி கீது. மாசில போறேன். வேற யாராண்ட குடுத்தாலும் என்னிக்காவது ஒருநாள் சும்மா மாட்டிடுவாங்க. நீ மாட்டமாட்டே."

நேற்று தரங்கம்பாடியிலிருந்து நாகப்பட்டினம் போய்விட்டார். கூட அந்தப் படகுக்காரர் இருக்கிறார், ஆனால் மோட்டார் பிடிப்பது டீச்சரம்மாதான். இன்றைக்குக் கோடியக்கரை. கொஞ்சம் முன்னால் என் மனைவி உள்ளேயிருந்து, "வானகரத்துல கல்யாணத்துக்கு மூணு மணிக்குக் கெளம்பணும்னியே, இன்னும் சட்டைகூட மாத்தாம குந்திக்கினு கீறே?" என்று குரல் கொடுத்தாள்.

மணி மூன்று இருபது. போன் இன்னும் அடிக்கவில்லை. நாலு மணிக்கு அடிக்க வேண்டிய நம்பரை எழுதி மடியில் வைத்திருக்கிறேன். வலது ஆணி காலியாக இருக்கிறது. நான் சட்டை மாற்றவில்லை.