கிளினிக் வாசலில் நிற்பதாகச் சொன்ன அண்ணன்

இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அண்ணனின் ஒரே தங்கை எழுதுவது. அவருடைய வாழ்க்கையை ஒழுங்காக எழுதித் தரும்படி பெரியவர்கள் கேட்டார்கள். எனக்கு இன்னும் ஒன்றுமே ஒழுங்காக விளங்கவில்லை. முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் எல்கடுவத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தார். அப்பா சீக்கிரமே இறந்துவிட்டதால் படிப்பை நிறுத்திவிட்டு, பலாபத்வலையில் ஒரு கடையில் சீமெந்து மூட்டை தூக்கி என்னைப் படிக்க வைத்தார். பிறகு சொந்தமாக ஓட்டோ வாங்கினார். பிரசவத்துக்கு யார் கூப்பிட்டாலும் சோற்றுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடுவார். ஆனால் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டமாட்டார். ஊசி என்றால் அவருக்குக் கைகால் நடுங்கும். "ஒங்க அண்ணன் பெரிய வீரன்தான், மருந்து வாசம் வர்ற வரைக்கும்" என்று அண்ணி கேலி செய்வார். அவரைத் தைரியசாலி என்று எழுதுவதா, பயந்தவர் என்று எழுதுவதா, எனக்குத் தெரியவில்லை.

அவருடைய மகள் தர்ஷி பாடசாலையில் சேருமுன் ஐந்து வயது ஊசி போட வேண்டியிருந்தது. அப்பாவும் உள்ளே வர வேண்டும் என்று அவள் அடம்பிடித்தாள்.

"அப்பாவுக்குப் பயம்டா. நீ அழாம குத்திக்கிட்டு வா. அழாம வந்தா அப்பா வாசல்ல ஓட்டோவோட நிப்பேன்" என்றார். அவள் கையில் அடித்துச் சத்தியமும் செய்தார்.

அந்த நாள் வருமுன் அவருக்கு நெஞ்சு வலி வந்தது. அன்றுதான் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டி உள்ளே போனார். உயிரோடு திரும்பவில்லை.

சாவு வீட்டில் தர்ஷி அழவில்லை. "புள்ளைக்கு வெவரம் தெரியல" என்றார்கள். அழுதால் அப்பா வரமாட்டார் என்று நினைக்கிறாளோ என்று எனக்குள் ஒரு பயம்.

முப்பத்தோராம் நாள் கிரியைக்கு முன்பே கிளினிக் நாள் வந்துவிட்டது. "தீட்டு கழியாம புள்ளைக்கு அம்மை குத்துனா அம்மன் கோவிச்சுக்கும்" என்று சித்தி தடுத்தார். வீட்டுக்கு வந்த மிட்வைஃப், "ஊசிக்கு ஏதுங்க தீட்டு? ஸ்கூல் தொடங்கப் போகுது" என்றார். யார் சொல்வது சரி என்று புரியாமலே நானும் அண்ணியும் பிள்ளையைக் கூட்டிப் போனோம்.

தர்ஷி சட்டைக் கையைத் தானே சுருட்டிக்கொண்டாள். ஊசி இறங்கியபோது கண் நிறைந்தது. வழியவிடாமல் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "கெட்டிக்காரி" என்றார் தாதி. அவள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாசலில் அண்ணனின் சிவப்பு ஓட்டோ நின்றது.

அண்ணனோடு ஒரே ஸ்டாண்டில் ஓட்டோ ஓட்டிய நஸீர் நானா, பட்டரி இறங்கிவிடக் கூடாது என்று அதை அவ்வப்போது ஓட்டிவந்தார். நாங்கள் வெயிலில் நடக்க வேண்டாம் என்று, யாரும் சொல்லாமலே வந்திருந்தார். தர்ஷி என் கையை உதறிவிட்டு ஓடினாள். முன்சீட்டை எட்டிப் பார்த்தாள்.

"ஏறுங்க மகள்" என்றார் நானா.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நான் அழவே இல்லையே, அத்தை."

நானா ஹேண்டிலில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டார்.

பாடை கட்டிய தோட்டத்து மக்களுக்கும், சமைத்துக் கொண்டுவந்த அயலவருக்கும், கிரியைகளை நடத்தித் தந்த ஐயாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. நஸீர் நானாவுக்கு நன்றி சொல்வதா, ஏன் வந்தீர்கள் என்று கேட்பதா என்று அன்று குழம்பினேன். நன்றியே சொல்கிறேன்.

தர்ஷி இன்னும் அழவில்லை. ஓட்டோ சத்தம் கேட்டால் வாசலுக்குப் போகிறாள். இன்று முப்பத்தோராம் நாளுக்கு வீட்டுக்கு வருகிறவர்கள், கெட்டிக்காரி, அழாதே என்று மட்டும் அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.