கன்னியப்பன் வீட்டில் தங்கிய பெட்டிகள்

ஜப்பான்காரன் குண்டு போட வருகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டிய சித்திரை மாதம் அது. அம்பத்தூர்க் கன்னியப்பனின் வண்டிமாடுகளுக்கு ஓய்வே இல்லை. ஒரு குடும்பத்தை ஆவடியில் இறக்கிவிட்டுத் திரும்பினால், இன்னொரு குடும்பம் அண்டாவும் அம்மியுமாகத் தெருவில் காத்து நிற்கும். அப்படிப் போன ஒரு நாள் பல்கலைக்கழக நூலகத்துக் குமாஸ்தா வரதன் அவனைக் கைதட்டிக் கூப்பிட்டார். ஏற்ற வேண்டியது ஆட்களை அல்ல, மரப்பெட்டிகளை. பூந்தமல்லியில் ஒரு பங்களாவில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டுமாம்.

"உள்ள இன்னா சாமி கீது?"

"சரித்திரம்" என்றார் வரதன்.

கன்னியப்பனுக்குத் தெரிந்த சரித்திரம் கூத்து மேடையில் ஆடுவது. "கூத்துப் புஸ்தகமா?"

"இல்லப்பா. ஊர்களோட சரித்திரம். எந்த ஏரிய யார் வெட்டினாங்க, எந்தக் கோயிலுக்கு எந்த நெலம், யார் எங்கேயிருந்து குடிவந்தாங்க, எல்லாம் ஓலையிலயும் காகிதத்துலயும் இருக்கு. ஊர் ஊராப் போய்ச் சேத்தது. அழிஞ்சா மறுபடி கிடைக்காது."

ராஜாவுக்குச் சரித்திரம் உண்டு, சரி. ஊருக்கு ஏது? அதை ஏன் ஜப்பான்காரனுக்குப் பயந்து ஒளித்துவைக்க வேண்டும்? வழி நெடுக யோசித்தும் கன்னியப்பனுக்குப் பிடிபடவில்லை.

பூந்தமல்லி போய்ச் சேர்ந்தால், பங்களா முழுக்கச் சிப்பாய்கள். உள்ளே போன வரதன் தொங்கிய முகத்தோடு வெளியே வந்தார். "பட்டாளத்துக்கு எடுத்துக்கிட்டாங்களாம். நான் ஆபீஸுக்குப் போய் வேற எடம் கேட்டுட்டு வந்துடறேன். ரெண்டு நாள் உன் வீட்டுல வச்சிரு கன்னியப்பா. நனையக் கூடாது, கரையான் அண்டக் கூடாது." சொல்லிவிட்டுப் பட்டணம் போகும் பஸ்ஸில் ஏறிக்கொண்டார்.

ரெண்டு நாள் போயிற்று. மாதமும் போயிற்று. வரதன் வரவில்லை.

கன்னியப்பன் ஊர் மணியக்காரர் கங்காதரனிடம் போனான். "சர்க்கார் சொத்து. தொட்டா கம்பி எண்ணணும்" என்றார் அவர்.

"அப்ப நீங்களே எட்த்து வச்சிக்கங்க நைனா."

"நல்லா இருக்குதே! நான் தொட்டா நானில்ல எண்ணணும்?"

பக்கத்து வீட்டு வேம்புலிக்கு வேறு சந்தேகம். அது சரித்திரமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை, ஜப்பானுக்குச் சேதி அனுப்புகிற ரேடியோ மிஷின்தான் என்றான். அதற்கப்புறம் தெருவில் பாதிப் பேர் கன்னியப்பன் வீட்டைக் கடக்கும்போது எட்டியே நடந்தார்கள்.

வண்டியைக் கட்டிக்கொண்டு பட்டணத்துக்கே போய்ப் பார்த்தான். நூலக வாசலில் துப்பாக்கியோடு ஒருத்தன் நின்றான். ஆபீஸ் சித்தூருக்குப் போய்விட்டது என்றார் ஒருவர். கோயம்புத்தூருக்கு என்றார் இன்னொருவர். "வரதனா? எந்த வரதன்?" என்றார் மூன்றாமவர். போனதைவிட அதிகக் குழப்பத்தோடு திரும்பினான்.

ஐப்பசி மழை கொட்டத் தொடங்கியது. கூரை ஒழுகியது. வீட்டில் காய்ந்த இடம் உள்ளறை ஒன்றுதான். அங்கே நெல் மூட்டைகள் இருந்தன. கன்னியப்பன் அவற்றைக் கூடத்துக்கு இழுத்துவிட்டுப் பெட்டிகளை உள்ளே அடுக்கினான். அவன் மனைவி கெங்கம்மாள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"நெல்லு நனையட்டும், எவன் ஊட்டுப் பொட்டியோ காயட்டும். ஏன்யா, உனக்கு இன்னா பேயா புடிச்சிகீது?"

"எனுக்கே தெர்ல கெங்கா" என்றான். பொய்யில்லை, அவனுக்கு நிஜமாகவே தெரியவில்லை.

அதற்குள் ஒரு பெட்டியில் தண்ணீர் இறங்கியிருந்தது. மூடியை நெம்பித் திறந்தான். ஓலைக் கட்டுகள். எறும்பு ஊர்ந்ததுபோல் எழுத்துகள். எந்தப் பக்கம் மேல், எந்தப் பக்கம் கீழ் என்றே அவனுக்கு விளங்கவில்லை. ஒரு கட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவன் விழிப்பதைப் பார்த்த கெங்கம்மாள், திட்டிக்கொண்டே அதைப் பிடுங்கி, முந்தானையால் ஒற்றி ஒற்றித் துடைத்து, அடுப்புச் சூடு எட்டுகிற தூரத்தில் பரப்பினாள். அந்த மழையில் கூடத்து நெல்லில் ஒரு மூட்டை முளைவிட்டுவிட்டது.

பொங்கல் கழிந்து ஒரு மத்தியானம், குச்சிபோல் இளைத்த ஓர் ஆள் தடி ஊன்றிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். வரதன் என்று அடையாளம் கண்டுகொள்ளவே கன்னியப்பனுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

பூந்தமல்லியிலிருந்து போன அன்றே அவருக்கு விஷக் காய்ச்சல் கண்டிருக்கிறது. காஞ்சிபுரத்தில் தங்கை வீட்டில் மாதக்கணக்கில் படுக்கை. எழுந்து நடமாடத் தொடங்கியபோது ஆபீஸ் இடம் மாறியிருந்தது. பெட்டிகள் எங்கே என்று எல்லாரும் கேட்க, அவருக்கு நினைவிருந்தது 'அம்பத்தூர், கன்னியப்பன்' என்பது மட்டும்.

"இந்தப் பக்கத்துல எத்தனை கன்னியப்பன்டா! எல்லார் வீட்டுக் கதவையும் தட்டிட்டேன்" என்றார்.

உள்ளறையில் பெட்டிகளைக் கண்டதும் வரதன் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். படித்த மனிதர் ஓலைக்காக அழுவதைப் பார்த்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் கன்னியப்பன் ஒரு சொம்புத் தண்ணீரை நீட்டினான்.

நனைந்து காய்ந்த கட்டை வரதன் பிரித்துப் படித்தார். ஏதோ ஓர் ஊரில் ஏரித் தண்ணீருக்கு நடந்த வழக்கு. எந்த மடையை முதலில் திறப்பது என்று கூடிப் பேசியிருக்கிறார்கள்.

"நம்ம ஊரா சாமி?"

"இல்லப்பா. செங்கல்பட்டுப் பக்கம்."

"வேற ஊர்க்காரன் சண்டைக்கா என் நெல்லு மொளச்சிது?" என்றாள் கெங்கம்மாள். வரதன் சிரித்தார், சிரிக்கும்போதும் கண்ணில் நீர் நின்றது. அன்றே பெட்டிகள் லாரியில் ஏறிப் போயின.

ஜப்பான்காரனோடு நடந்த சண்டை முடிந்த பிறகு ஒரு தடவை, வைக்கோல் பாரம் இறக்கிய கையோடு கன்னியப்பன் நூலகத்துக்குப் போனான். வரதன் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போய்க் கண்ணாடி அலமாரிகளைக் காட்டினார். எது தன் வீட்டில் கிடந்தது என்று அவனால் சொல்ல முடியவில்லை. எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன. ஓரத்து மேஜையில் மூக்குக்கண்ணாடி போட்ட ஒருவர் ஒரு கட்டைப் பிரித்துவைத்துக்கொண்டு, பக்கத்தில் நிற்பவனைக்கூடக் கவனிக்காமல் படித்துக்கொண்டிருந்தார். எதைத் தேடுகிறீர்கள் என்று கேட்கக் கன்னியப்பனுக்கு ஆசை. கூச்சமாக இருந்தது. வெகுநேரம் நின்று பார்த்துவிட்டு வந்துவிட்டான்.

"போனியே, இன்னா பாத்த?" என்று கேட்டாள் கெங்கம்மாள்.

"ஒர்த்தரு குந்திகினு பட்ச்சிகினு கீறாரு."

"எதுக்காம்?"

"தெர்ல கெங்கா" என்றான் கன்னியப்பன். "ஆனா தல நிமிரவே இல்ல."