ஒரு கோடு கூடினால் உடம்பு

மரம் என்று ஓர் எழுத்து. அதன் இடப்பக்கத்தில் ஓர் ஆளைச் சாய்த்து நிறுத்தினால் ஓய்வு: 休. நானாகக் கற்றுக்கொண்ட கான்ஜி என்னும் ஜப்பானிய எழுத்துகளில் எனக்கு முதலில் பிடித்துப்போனது இதுதான். அதே மரத்தின் அடியில் சின்னதாக ஒரு கோடு கிழித்தால் உடம்பு: 体. ஓய்வுக்கும் உடம்புக்கும் நடுவில் ஒரு கோடுதான் என்பதை, ஒன்பது வருடமாக நின்றுகொண்டே வேலை பார்க்கிறவளுக்கு ஜப்பானிலிருந்து ஓர் ஆள் வந்து சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் வந்தார்.

மறைமலை நகரில் ஆயில் சீல் செய்யும் கம்பெனி ஒன்றில் எனக்கு வேலை. ஆயில் சீல் என்பது ரப்பர் வளையம். அதை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, பிசிறு இருந்தால் சிவப்புத் தொட்டி, இல்லாவிட்டால் நீலத் தட்டு. நாள் முழுக்க வட்டம், வட்டம், வட்டம். உட்கார்ந்து பார்த்தால் கண் சொக்கிவிடும் என்று யாரோ ஒரு புண்ணியவான் கண்டுபிடித்ததால் எங்கள் மேசைக்கு நாற்காலி கிடையாது. சாயங்காலம் தாம்பரம் ஸ்டேஷன் படியேறும்போது முழங்கால் இரண்டும் என்னைப் பற்றி ஒன்றுக்கொன்று புறம் பேசிக்கொள்ளும்.

அப்போதுதான் நோட்டீஸ் போர்டில் அந்தக் காகிதம் ஒட்டப்பட்டது. ஜப்பானிலிருந்து வரும் வரைபடங்களில் இருக்கும் குறிப்புகளைப் படித்து எழுதி வைக்க அலுவலகத்தில் ஓர் ஆள் தேவை. மூன்று மாதம் கழித்து எழுத்துத் தேர்வு. தொழிலாளர் எவரும் எழுதலாம். நான் அதில் சம்பளத்தைத் தேடவில்லை. அந்த வேலைக்கு ஒரு நாற்காலி உண்டு. சுழலும் நாற்காலி. அது போதும்.

தேர்வு எல்லோருக்கும், வகுப்பு மட்டும் இன்ஜினியர்களுக்கு. சனிக்கிழமை மதியம் ஏசி அறையில், பட்டணத்திலிருந்து வாத்தியார் வந்து, டீயும் பிஸ்கட்டும் வைத்து. நானும் உட்காரலாமா என்று பர்சனல் அதிகாரியிடம் கேட்டேன். அவருக்கு என்னைவிடப் பதினைந்து வயது குறைவு, தன்னம்பிக்கை அதைவிட அதிகம்.

"உங்களுக்கு எதுக்கு மேடம் கிளாஸ்? ஜாப்பனீஸே தமிழ்லேர்ந்து போனதுதான். யூடியூப்ல பாருங்க. தானா வந்துடும்."

அவர் சொன்ன சொந்தத்தை நான் சோதித்துப் பார்த்தேன். ஏறக்குறைய அக்கா என்று சொன்னால் அங்கே சிவப்பு. மச்சி என்றால் ஊர். ஊசி மாதிரி ஒலிப்பது மாடு. இருக்கிறது என்பதற்கு 'இரு' என்கிறார்கள் என்பதைக் கண்டபோது மட்டும், மொழிக்குடும்பமே ரயில் பெட்டியில் எனக்கு இடம் ஒதுக்கியதுபோல ஒரு சந்தோஷம். மறுநாள் தெரிந்தது, ஏறக்குறைய 'ஆறு' என்றாலும் இருக்கிறதுதான். உயிருள்ளதற்கு இரு, உயிரில்லாததற்கு ஆறு. பாலாற்றைப் பார்த்தால் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

என் பள்ளிக்கூடம் தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு போகும் காலை ரயில். போனில் ஒரு செயலி, கட்டம் போட்ட கணக்கு நோட்டு, இடம் கிடைக்காத நாளில் கைப்பை மேலேயே விரல். சோறு, தண்ணீர், குடை, நிலையம், மருத்துவமனை. வண்டலூர் வருவதற்குள் நான்கு, பொத்தேரியில் மாணவர் கூட்டம் இறங்கிப் பெட்டி காலியானதும் இன்னும் நான்கு. பக்கத்தில் நின்ற ஓர் அம்மா என் விரலையே பார்த்துக்கொண்டு வந்தவர் பொறுக்க முடியாமல் கேட்டார்: "இன்னாமா, புள்ளி வெக்காம கோலம் போட்டுகினு வர்றே?" அதைவிடச் சுருக்கமாக என் கல்விமுறையை யாரும் சொன்னதில்லை.

ஜப்பானிலிருந்து மூன்று மாத ஆலோசகராக வந்தவரை எல்லோரும் ஜப்பான் சார் என்றார்கள். அறுபது தாண்டியவர். இஸ்திரி கலையாத சட்டை, ஓகே என்ற ஒரே ஆங்கிலச் சொல்லில் ஒன்பது அர்த்தம். என் மேசைப்பக்கம் வந்தபோது நோட்டை நீட்டினேன். புரட்டினார். என்னைப் பார்த்தார். பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்துக் காட்டி, "ஓகே?" என்றார். அன்றிலிருந்து ஏற்பாடு அதுதான். சனிக்கிழமை நோட்டைக் கொடுப்பேன், திங்கட்கிழமை திருத்தி வாங்குவேன்.

முதல் திங்கட்கிழமை. பக்கத்தைத் திறந்தால் டிக். வரிசைக்கு வரிசை டிக், கொக்குக் கூட்டம் இறங்கியதுபோல. டிக்குக்குப் பக்கத்தில் அதே எழுத்தைப் பொடியாக ஒருமுறை எழுதியும் வைத்திருந்தார். என் எழுத்தை ரசித்துத் தானும் எழுதிப் பார்த்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கலாம். புகழ்ச்சியைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறவர் யார்? அங்கங்கே ஐந்தாறு எழுத்துகளைத்தான் வட்டம் போட்டுச் சுழித்திருந்தார்.

வீட்டில் சேலையூர்ப் பள்ளி ஒன்றில் கணக்கு வாத்தியார் இருக்கிறார். கணவர். இருபது வருடமாகச் சிவப்பு மையில் ஊறிய கை. நோட்டைப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்.

"இப்பிடி டிக் விழுந்தா நூத்துக்குத் தொண்ணூறு. சுழிச்சிருக்கறத மட்டும் மாத்து."

மாற்றினேன். சுழித்ததையெல்லாம் அடித்துவிட்டு வேறு மாதிரி எழுதிப் பழகினேன். டிக் விழுந்ததையெல்லாம் ஐம்பது ஐம்பது தரம் எழுதி மனத்தில் ஆணியடித்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வரும்போது கணவர் இதைச் சொல்லாத ஆளில்லை. எங்கள் வீட்டில் பிள்ளையார் சுழி போடும் வழக்கமும் இல்லை. இருந்திருந்தாலாவது சுழி நல்லது என்று ஒருவேளை தோன்றியிருக்கும்.

இரண்டாம் மாதம் அந்தச் சம்பவம். நான் மிகவும் ஆசைப்பட்டு எழுதிய 休 மீது வட்டம் மட்டும் இல்லை. வட்டத்துக்குள் வட்டம், நத்தைபோலச் சுருண்டு, சுற்றிலும் வளைவு வளைவாக ஏதோ. ஒரு சுழி போதாமல் சுழலே போட்டிருந்தார். கணவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தார்.

"இது தப்பு இல்ல. இது கோபம்."

செயலியைப் பார்த்தேன். நான் எழுதியதுபோலத்தான் இருந்தது. போனை நம்புவதா, ஜப்பானிலேயே பிறந்தவரை நம்புவதா? இதே மாதிரி அடியில் கோடு போட்ட எழுத்து ஒன்றை எங்கேயோ பார்த்த நினைவு. கோட்டை விட்டுவிட்டேன் போலிருக்கிறது என்று ஒன்றைக் கிழித்துச் சேர்த்தேன். அடுத்த திங்கட்கிழமை அதன்மேல் அழகான ஒரு டிக். நான் குனிந்து வணங்கினேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மெதுவாகக் குனிந்தார்.

ஜப்பான் தெரிந்தவள் என்ற பெயர் அதற்குள் கேன்டீன் வரை போயிருந்தது. கேன்டீன்காரர் ஒருநாள் படம் போட்ட சாப்பாட்டுப் பட்டியலைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதில் முட்டை, தயிர்சாதம், வாழைப்பழம் மூன்றையும் ஜப்பான் சார் வட்டம் போட்டுக் கொடுத்திருந்தார்.

"யக்கா, வளையம் வளையமா போட்டுக்கீறாரு. இன்னா அர்த்தம்?"

நான் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. நிபுணர்கள் யோசிப்பதில்லை. அதெல்லாம் ஆகாது என்று அர்த்தம், நிறுத்திவிடுங்கள் என்றேன். அன்றிலிருந்து அந்த மனிதருக்குக் காரக்குழம்பும் மிளகு ரசமும். சாப்பிடும்போது அவர் கண்ணில் நீர் வழியும். நம்ம ஊர்ச் சாப்பாடு எப்படிப் பிடித்துப்போய்விட்டது பார் என்று பேசிக்கொண்டார்கள்.

தேர்வில் ஐம்பது சொற்கள். கையால் எழுத வேண்டும். திருத்தியவரும் அவரே. மதிப்பெண் தனித்தாளில் அலுவலகம் போனது, எங்கள் கைக்கு விடைத்தாள் மட்டும் வந்தது. என்னுடையதில் நாற்பத்தொரு டிக். எண்ணினேன், இருமுறை. எனக்குப் பக்கத்தில் வகுப்புக்குப் போன இளம் இன்ஜினியர் ஒருவர் தன் தாளைப் பிரித்தார். பக்கமெல்லாம் சுழி. ஏசி, டீ, பிஸ்கட் எல்லாம் போட்டு வளர்த்தும் இப்படி. என் மனம் கனிந்தது.

"விடுப்பா. வயசு இருக்கு. அடுத்த தடவ நல்லா பண்ணலாம்."

அவர் என்னை விநோதமாகப் பார்த்துவிட்டு, "சரிக்கா" என்றார்.

நான் பெருங்களத்தூரில் இறங்கி லட்டு வாங்கி, அடுத்த ரயில் பிடித்து வீட்டுக்குப் போனேன். மறுநாள் அதே லட்டை எங்கள் மேசை முழுக்கக் கொடுத்தேன். நின்றுகொண்டே எல்லோரும் தின்றார்கள். மதியம் போர்டில் அந்த இன்ஜினியரின் பெயர்.

தாளைச் சுருட்டிக்கொண்டு பர்சனல் அதிகாரியிடம் போனேன். நாற்பத்தொரு டிக், நாற்காலி எங்கே என்று கேட்டேன். பிரித்துப் பார்த்த அவருக்கும் வியர்த்தது. தமிழிலிருந்து போன மொழியாயிற்றே, டிக் மட்டும் எப்படி மாறும்? இன்ஜினியரைக் கூப்பிட்டார். அந்தப் பிள்ளை தாளைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, நேற்றைய ஆறுதல் அதற்கு அப்போதுதான் விளங்கியது.

"அக்கா, அவங்க ஊர்ல டிக்குன்னா தப்பு. வட்டம்தான் ரைட்டு. பக்கத்துல சின்னதா எழுதினா, அதான் சரியானது. மொதல் நாள் கிளாஸ்லயே சொல்லிட்டாங்களே."

முதல் நாள். தானாகக் கற்கிறவளுக்கு ஐந்நூறாம் நாள் உண்டு, ஆயிரமாம் நாள் உண்டு. முதல் நாள் மட்டும் ஏசி அறைக்குள் இருக்கிறது.

நோட்டில் இருந்த அந்தச் சுருள் வட்டத்தைக் காட்டி இது என்ன என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். பூவாம். ரொம்ப நன்றாக எழுதினால் குழந்தைகளுக்கு வாத்தியார் போடும் பூ. மூன்று மாதத்தில் எனக்கு விழுந்த ஒரே பூ. அதை அடித்துவிட்டு, ஓய்வின் காலடியில் ஒரு கோடு கிழித்து உடம்பாக்கிக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். தேர்வுத்தாளில், ஓய்வு எழுத்தே வர வேண்டிய 'விடுமுறை' என்ற சொல்லுக்கும் அந்த உடம்பையே எழுதியிருந்தேன். இன்று கம்பெனிக்கு உடம்பு.

நாற்காலி போனது தீர்ந்த விஷயம். தீராதது ஒன்று நெஞ்சில் காரக்குழம்பாக எரிந்தது. நேரே கேன்டீனுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். கேன்டீன்காரர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"அப்போ ஒரு மாசமா அந்தாளு அழுதுகினுதான் துன்னாரா?"

ஜப்பான் சார் ஊருக்குப் போக நான்கு நாள்தான் இருந்தது. அந்த நான்கு நாளும் தட்டில் முட்டை, தயிர்சாதம், வாழைப்பழம். முதல் நாள் அவர் முட்டையைத் தொட்டுப் பார்த்தார். இன்ஜினியரை அழைத்துக்கொண்டு போய் என் கதையை முழுதாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். கேட்டு முடித்து, கண்ணை மூடி, தோள் குலுங்கச் சிரித்தார். பிறகு ஏதோ நீளமாகச் சொன்னார். இன்ஜினியர் தயங்கித் தயங்கித் தமிழில் சொன்னார்: "சரின்னு போட்டத எல்லாம் நீங்க அடிச்சிட்டு வருவீங்களாம். தப்புன்னு போட்டா சிரிச்சிக் கும்பிடுவீங்களாம். இந்த ஊர்ல தப்ப மதிக்கிறாங்க போலன்னு நெனச்சாராம்." அதில் தவறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பர்சனல் அதிகாரியை மூன்று மாதம் அவரும் பார்த்திருக்கிறாரே.

ரயிலில் இப்போதும் எழுதுகிறேன். அழிரப்பர் வாங்கி அந்தக் கோட்டைத் தேய்த்தேன். பேனாவில் எழுதியதால் கோடு போகவில்லை, தாள்தான் கிழிந்தது. உடம்பும் போய், ஓய்வும் போய், மரத்தடியில் ஓர் ஓட்டை.

ஒரு மாதம் கழித்து ஆண்டு மதிப்பீட்டுப் படிவம் வந்தது. பர்சனல் அதிகாரி என்னை உட்காரச் சொல்லாமல் அதை மேசைமேல் திருப்பி வைத்தார். உழைப்பு, டிக். நேரந்தவறாமை, டிக். பணிவு, டிக். கற்கும் ஆர்வம், பெரிதாக ஒரு டிக்.

"எல்லாமே டிக்கு மேடம். சந்தோஷமா?"

"எந்த ஊர் டிக்கு சார்?" என்று கேட்டேன்.

அவருக்குப் புரியவில்லை. புரிந்ததுபோலச் சிரித்தார். கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து, என் மேசைமுன் நின்றேன்.