பிரிக்காத டிராகன்

இன்று கீழக்கரை வீட்டு அலமாரியை ஒழுங்குபடுத்தும்போது கையில் சிக்கியது, நான் பள்ளியில் படித்தபோது துபாயிலிருந்து மாமா கொண்டுவந்த டிராகன் பொம்மை. வீடியோ கேமோடு வரும் தட்டில் வைத்தால் டிவிக்குள் உயிரோடு பறக்கும்.

"தொழுவுற வீட்ல உருவம் வைக்கக் கூடாதுடா" என்று உம்மா அன்றே பெட்டியோடு பூட்டிவிட்டார்.

படமெடுத்து, பொம்மை சேகரிப்பவர்களின் குழுவில் போட்டேன்.

"சீல் உடையலயா? பிரிச்சிடாதீங்க ப்ரோ, பாதி விலைகூடத் தேறாது" என்று ஒருவர் பதறினார்.

உம்மா எட்டிப் பார்த்தார். "அப்ப அவ்வளவு அழுதியே. இப்பப் பிரிச்சு வெளையாடேன், நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

பெட்டியை மறுபடி அலமாரிக்குள் வைத்தேன். இந்த முறை பூட்டியது நான்.

'நானா இருந்தா பிரிச்சிருப்பேன்' என்பவர்கள் கமெண்டில் வாருங்கள், விலை பேசலாம்.