உடும்பைக் கொண்டுவந்தவர்

அந்த உடும்பை வீட்டுக்குக் கொண்டுவந்தவர் என் கணவர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் இன்றைக்கும் வேறு மாதிரி நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பள்ளத்தூரில் துக்கம் கேட்டுவிட்டுக் காரைக்குடிக்கு, எங்கள் வீட்டுக்குத் திரும்பியவர், ஸ்கூட்டரில் கால்களுக்கு இடையே ஒரு சிமெண்ட் சாக்கை வைத்திருந்தார். சாக்கு அசைந்தது. கண்மாய்க் கரையில் கம்பிக் கண்ணியில் ஒரு உடும்பு கால் மாட்டிக் கிடந்ததாம். கறிக்கு என்று இரண்டு பேர் தூக்கப் பார்க்க, இவர் சண்டை போட்டு வாங்கி வந்துவிட்டார்.

"கம்பி சதைக்குள்ள எறங்கியிருக்கு. நாலு நாள் பாத்து விட்ருவோம்" என்றார்.

சிவகங்கையில் அரசாங்க வேலை அவருக்கு. மேலதிகாரி எதைச் சொன்னாலும் தலையாட்டிவிட்டு வருகிற மனுஷர், முன்பின் தெரியாத இரண்டு பேரோடு ஒரு பிராணிக்காக மல்லுக்கட்டியிருக்கிறார். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அவரைப் பார்த்து எனக்கு அத்தனை பெருமையாக இருந்தது அன்றைக்குத்தான்.

கொல்லையில் காய்ந்து கிடந்த தண்ணீர்த் தொட்டியில் அதை விட்டோம். நான் மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைத்துக் காலில் பூசுவேன். அவர் பழைய துண்டைப் போட்டுத் தலையை அமுக்கிப் பிடித்துக்கொள்வார். முதல் வாரம் எங்களைக் கண்டாலே கழுத்தை உப்பிக்கொண்டு சீறியது. வாலால் என் முழங்கையில் ஒருமுறை விளாசியதில் தடிப்பு ஒரு வாரம் இருந்தது. அப்புறம் முட்டை வாசனைக்கு நாக்கை நீட்டிக்கொண்டு வர ஆரம்பித்தது.

நான்கு நாள், நான்கு மாதம் ஆயிற்று. கால் ஆறியதும் தொட்டிக்குள் ஒரு பலகையைச் சாய்த்து வைத்தோம், போகிறதென்றால் போகட்டும் என்று. அது போகவில்லை. காலையில் துவைக்கிற கல்லின் மேல் வெயில் காயும். எலி பிடிக்கும். உச்சி வெயிலில் தொட்டிக்குள் இறங்கிப் படுத்துக்கொள்ளும். இவர் அலுவலகம் கிளம்பும் முன் முட்டையை உடைத்துத் தட்டில் ஊற்றி, "வாங்க, சாப்புடுங்க" என்று விருந்தாளியைக் கூப்பிடுவதுபோல் கூப்பிடுவார். மகன் வேலைக்காகப் பெங்களூர் போனபின் பேச்சே குறைந்திருந்த வீட்டில், எங்களுக்குப் பேச ஒரு விஷயம் கிடைத்திருந்தது.

வளர்ப்பது குற்றம் என்று இருவருக்கும் தெரியும். "வனத்துறைக்குச் சொல்லிருவோமா?" என்று நானே இரண்டு தடவை கேட்டேன். "அது பாட்டுக்கு அங்குட்டுக் கெடக்கு. ஒனக்கு என்ன செய்யுது?" என்று வாயை அடைத்துவிட்டார்.

பின்தெருவில் புதிதாகக் குடிவந்த ஒருவர் மொட்டைமாடியிலிருந்து அதைப் படம் எடுத்து, தெரு வாட்ஸ்அப் குழுவில் போட்டார். யார் வீட்டில் இது என்று கேட்டிருந்தார். இவர் அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்.

இரண்டு நாள் கழித்துத் தலைவலி என்று லீவு போட்டார். தலைவலிக்காரர் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தது எனக்கு அப்போது உறைக்கவில்லை. பதினோரு மணிக்கு வனத்துறை ஜீப் வந்து நின்றது.

"யாரும்மா இத வளக்குறது?" என்று கேட்டார் வந்த அதிகாரி.

நான் இவரைப் பார்த்தேன். இவர் எழுந்து நின்று சொன்னார்: "நான் எத்தனையோ தடவ சொல்லிட்டேன் சார். இவதான் கேக்கல. கொல்லப் பக்கமே நான் போறதில்ல."

வெளி ஆட்கள் முன்னால் அவரை மறுத்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. அதிகாரி நல்ல மனுஷர். எங்களோடு கொல்லைக்கு வந்து பார்த்து, அதன் காலை நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள் என்றார், இனி இப்படிச் செய்ய மாட்டேன் என்று எழுதித் தந்தால் போதும் என்றார். இவர் தன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினார். எழுதிக் கொடுத்தேன்.

சாக்கோடு ஆட்கள் நெருங்கியபோது உடும்பு சீறவில்லை, ஓடவில்லை. நாக்கை நீட்டி நீட்டி நேராக இவர் காலடிக்கு வந்தது. முட்டை நேரம் என்று நினைத்திருக்கும். இவர் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

பயத்தில் சொல்லிவிட்டார், போகட்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். மறுநாள் அவர் குளித்துக்கொண்டிருந்தபோது அவருடைய போன் அடித்தது. எடுத்தேன். நான் குரல் கொடுக்கும் முன்பே எதிர்ப்பக்கம் ஓர் ஆள் பேசினார்: "சார், நீங்க தகவல் சொன்ன உடும்பக் காட்டுல விட்டாச்சு. சொன்னது நீங்கதான்னு வெளிய வராது, கவலப்படாதீக."

ஈரத் தலையோடு வந்தவரிடம் போனை நீட்டினேன்.

"நீங்கதான் சொன்னீகளா?"

தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார்: "வேற யாராச்சும் சொல்லியிருந்தா கேஸாகியிருக்கும். நாமளா சொன்னதுனால லேசா முடிஞ்சுச்சு."

"எங்கிட்டச் சொல்லிருக்கலாம்ல? நானே முன்னாடி சொன்னேன்ல, குடுத்துருவோம்னு? ஏன் எம்மேல போட்டீக?"

"எம்மேல வந்தா வேல போயிரும். ஒனக்கு என்ன போகப்போகுது?"

எத்தனையோ பேச்சு கேட்டிருக்கிறேன். இந்தக் கேள்வி மாதிரி எதுவும் என்னை அடித்ததில்லை. உடும்பு போனதற்கு அழுகை வந்தது. இதற்கு அழுகைகூட வரவில்லை. கொல்லைக்குப் போய்த் தொட்டியைக் கழுவினேன்.

அடுத்த மாதம் கண்டனூரில் ஒரு கல்யாணம். பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, எதிர் வரிசைக்காரர்களிடம் இவர் சிரித்துச் சிரித்துச் சொல்லிக்கொண்டிருந்தார்: "எங்க வீட்டுல இவளுக்கு ஒரு கிறுக்கு. உடும்பு வளத்தா! நான் மட்டும் இல்லேன்னா இன்னேரம் உள்ள போயிருப்பா."

இலையில் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். நான் சொன்னேன்: "கொண்டாந்தது இவுக. தெனம் முட்ட ஊத்துனது இவுக. போன் பண்ணிப் பிடிச்சுக் குடுத்துட்டு, எனக்குத் தெரியவே தெரியாதுன்னதும் இவுகதான்."

யாரும் சிரிக்கவில்லை. இவர் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார். நான் எழுந்து கை கழுவிவிட்டு, காரைக்குடி பஸ்ஸில் தனியாக வீட்டுக்கு வந்தேன்.